அரைச் செங்கல்லுக்கு வந்த காப்புரிமை

எங்கள் சந்தில் ஓர் ஆள் நிற்பதும் அவருடைய செங்கல் கிடப்பதும் ஒன்றுதான். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்காதது எங்கள் பிழை என்று பின்னால் காப்புரிமை வாரியத்தில் சொன்னார்கள்.

சாந்தோமிலிருந்து நொச்சிக்குப்பத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் சந்து. முனையில் ஒரு கறுப்புத் தொட்டி. காலையில் தண்ணீர் லாரி வந்து அதை நிரப்பும். எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. விடிந்ததும் வரும், வெயில் ஏறியும் வரும், சில நாள் தெருமுனை வரை வந்துவிட்டு எதையோ மறந்தது போலத் திரும்பியும் போய்விடும். அதுவரை எல்லாரும் நின்றுகொண்டிருந்தால் வீட்டில் உலை வைப்பது யார்? ஆகவே அவரவர் ஒரு பொருளை வரிசையில் வைத்துவிட்டுப் போவோம். எனக்கு அரைச் செங்கல். மாதா கோயில் மதிலை இடித்துக் கட்டியபோது கேட்டு வாங்கிவந்தது. அடையாளத்துக்கு வெள்ளை பெயின்டில் ஒரு சிலுவை போட்டிருந்தேன். சிலுவை போட்ட கல்லை யாரும் எட்டி உதைக்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. அப்படியும் ராத்திரி இரண்டு தடவை எழுந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எனக்குக் கவலைப்பட எதுவும் இல்லாவிட்டால் அதுவே ஒரு கவலை.

எனக்குப் பின்னால் ஜோதிலட்சுமியின் செருப்பு கிடக்கும். அவள் குப்பத்தில் மீன் விற்கிறவள். இடது கால் ரப்பர் செருப்பு. வலது காலை எங்கே விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. செருப்பென்று யாரும் தாழ்த்தியதில்லை. வரிசைக்கு வந்துவிட்டால் செருப்பும் ஆள்தான். ஒருமுறை வாட்டசாட்டமான ஒரு மனிதர் என் செங்கல்லைத் தெரியாமல் இடித்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்கம்மா" என்று செங்கல்லிடமே சொன்னதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். லாரி வரும்போது நாம் இல்லையென்றால், பின்னால் இருக்கிறவர் நம் குடத்தையும் பிடித்து ஓரமாக வைத்துவிடுவார். அது செங்கல்லுக்குரிய மரியாதை.

இந்த மரியாதையில்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. மந்தைவெளியில் ஒரு மழலையர் பள்ளியில் ஆயா வேலை. எட்டு மணிக்கு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளைகளை வாங்கி உள்ளே விட வேண்டும். என் வீட்டுக்காரர் விக்டர் அதே பள்ளியில் வேன் ஓட்டுகிறார், இருட்டோடு கிளம்பிவிடுவார். ஆகவே எட்டு மணிக்கு நான் பள்ளியில், செங்கல் சந்தில். செங்கல் போனால் ஒன்று தண்ணீர் போகும், இல்லையென்றால் வேலை போகும். கணக்கு அவ்வளவுதான்.

அந்த வருஷம் எங்கள் பகுதியில் காப்புரிமை என்கிற பழக்கம் பரவிக்கொண்டிருந்தது. முதலில் தி.நகர்க் கடைகளில் வந்தது. உட்கார்ந்து எழுந்தாலும் கலையாத, காப்புரிமை பெற்ற கொசுவம் வைத்த சேலை வந்தது. அதைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது என்பதால் கலையவும் இல்லை. பிறகு மயிலாப்பூரில் நானோ பூச்சுப் பூசிய காபி டம்ளர் வந்தது. காபி சூடு ஆறவே ஆறாது. காலையில் ஊற்றியதை மாலையில்தான் வாய் வைக்க முடியும். மாப்பிள்ளை விளம்பரத்தில் சொந்த வீடு, ஒரே பையன் என்பதற்குப் பக்கத்தில் 'இரண்டு காப்புரிமை' என்று போட ஆரம்பித்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் சம்பளத்தை விட்டுவிட்டு, "மெட்டீரியலா, மெக்கானிக்கலா?" என்று விசாரித்தார்கள்.

எங்கள் சந்துக்கு எதிரே ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று உண்டு. அதில் இரண்டாவது மாடியில் அஸ்வத் இருந்தான். தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் ஸ்வர்ணலதாவின் மகன். பொறியியல் கல்லூரியில் மெட்டீரியல் சயன்ஸ் என்கிற பொருளறிவியல் சொல்லிக்கொடுக்கிறான். கெட்ட பிள்ளை இல்லை. எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்லுவான். அவனுக்கும் ஒரு கஷ்டம். கல்லூரியில் வருஷத்துக்கு ஒரு காப்புரிமை காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேலை நிரந்தரம் இல்லை. முந்தின வருஷம் இட்லி ஒட்டாத தட்டு கண்டுபிடித்திருந்தான். இட்லி ஒட்டவில்லை. வேகவும் இல்லை.

ஒரு நாள் காலை பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டே வரிசையைப் பார்த்தவன், வாயில் நுரையோடு கீழே இறங்கி வந்தான்.

"ஆன்ட்டி, இந்தச் செங்கல் எதுக்கு?"

"அது நான்தாம்பா" என்றேன்.

"நீங்கதான் இங்க நிக்கிறீங்களே?"

"இப்ப அது செங்கல். நான் உள்ள போனா அது நான்."

மாதா காட்சி கொடுத்தது போல அப்படியே நின்றுவிட்டான். பிறகு போனை எடுத்து என் செங்கல்லை எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் பிடித்தான். செருப்பையும் பிடித்தான். இவ்வளவு படித்த பிள்ளை நம் செங்கல்லைப் படம் பிடிக்கிறதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சிலுவை நன்றாகத் தெரியட்டும் என்று முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அடையாற்றில் கண்டுபிடிப்புகள் பதிவு மற்றும் பாதுகாப்பு வாரியம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. சாதாரணமாக அங்கே ஒரு மனு போய் வெளியே வருவதற்குள் கண்டுபிடித்தவருக்குப் பேரன் பிறந்துவிடுவான். ஆனால் அது மார்ச் மாதம். அந்த வருஷத்துக்கு மேலிடம் சொன்ன இலக்கில் பாதிகூட அவர்கள் எட்டவில்லை. எது வந்தாலும் முத்திரை குத்து என்று உத்தரவு. அஸ்வத்தின் மனு நல்ல நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

ஒரு வாரத்தில் தொட்டிக்கு மேல் அறிவிப்பு ஒட்டினார்கள். 'திடப்பொருள் வாயிலாக நபர் இன்மையை ஈடுசெய்து வரிசையில் இடத்தைத் தக்கவைக்கும் அமைப்பு மற்றும் அதன் செயல்முறை' என்ற கண்டுபிடிப்புக்கு முழு உரிமை வழங்கப்பட்டிருக்கிறதாம். சுட்ட களிமண், இயற்கைப் பாறை, ரப்பர், நெகிழி, நெய்த துணி, நெய்யாத துணி, மரம், உலோகம், இவற்றின் கலவைகள், இனிமேல் கண்டுபிடிக்கப்பட இருக்கிற ஏனைய பொருள்கள் அனைத்துக்கும் இது பொருந்துமாம். உரிமையாளரின் அனுமதியில்லாமல் எவரும் எதையும் தமக்குப் பதிலாக வரிசையில் வைக்கலாகாதாம்.

அறிவிப்பு ஒட்டிய மறுநாள் வாரியத்திலிருந்து ஷஃபியுல்லா பாய் ஒரு ஆட்டோவில் வந்தார். அலுவலக உதவியாளர், வயதானவர், சண்டை போடத் தெரியாதவர். வந்ததும் வராததுமாக வரிசையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி ஆட்டோவில் ஏற்ற ஆரம்பித்தார்.

ஜோதிலட்சுமி கூடையை இறக்கி வைத்தாள். "இன்னா பாய், செருப்பத் தூக்கினு போறே? ஒத்தக் கால் செருப்ப வெச்சிக்கினு இன்னா பண்ணுவே?"

"நான் என்னம்மா பண்றது? எழுதிக் குடுத்திருக்காங்க. ரப்பர்னு போட்டிருக்கு பாரு."

"என் கால்ல கீறதும் ரப்பருதான். அத்தயும் கழட்டினு போ."

"அதுல நீ நிக்கிறியேம்மா. ஆள் நின்னா அது செருப்பு. ஆள் இல்லன்னாதான் கண்டுபிடிப்பு."

"பாய், அந்தச் செங்கல்லு மாதா கோயில்ல இருந்து வந்தது" என்றேன் நான்.

அவர் சிலுவையைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து ஆட்டோ சீட்டில் விரித்து அதன் மேல் என் செங்கல்லை வைத்தார். "பத்திரமா பாத்துக்கிறேம்மா. வரிசை மாறாம வெக்கிறேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அஸ்வத் தன் கண்டுபிடிப்பை எங்களுக்கு விளக்கிக் காட்டினான். பேர் 'வரிசைப் பிரதிநிதி'. சாம்பல் நிறம், வழவழவென்று கார்பன் நாரில் செய்தது, நடுவில் ஒரு பச்சை விளக்கு. விமானத்துக்குப் போடுகிற பொருளாம். செங்கல் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காதாம். வரிசையில் வைத்தான். கடல் காற்று ஒரு வீச்சு வீசியதும் பிரதிநிதி எழுந்து பறந்து மீன் கூடைகள் பக்கம் போய் விழுந்தார். ஓடிப் பிடித்துக்கொண்டு வந்தான். இரண்டு தடவை இப்படி ஆனதும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கட்டிட வேலை நடக்கிற இடத்திலிருந்து ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தான்.

"அப்ப இது?" என்றேன் செங்கல்லைக் காட்டி.

"அது வெயிட்டுக்கு ஆன்ட்டி. கியூவுக்கு இல்ல."

"எங்க கல்லையும் வெயிட்டுக்குன்னு வெச்சுக்கறோமே தம்பி."

"எதுக்கு வெயிட்?"

பிரதிநிதி இல்லாமல் வெறும் பாரம் வைப்பது சட்டப்படி செல்லாது.

அன்றிலிருந்து எல்லாரும் நேரில் நிற்க வேண்டியதாயிற்று. செங்கல்கள் நின்றவரை எங்கள் சந்தில் சண்டையே கிடையாது. செங்கல் பொடி வைத்துப் பேசாது, அடுத்தவர் குடத்தை எண்ணாது, உன் மருமகள் எங்கே காணோம் என்று கேட்காது. ஆட்கள் நிற்க ஆரம்பித்ததும் முதல் வாரத்திலேயே மூன்று குடும்பங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. லாரி கண்ணில் பட்டால்தான் வரிசையே உருவாகும் என்றும், உருவாகும் நேரத்தில் இல்லாதவருக்குத் தண்ணீர் கிடையாது என்றும் ஆயிற்று.

நான் இரண்டு நாள் பள்ளிக்குப் பிந்திப் போனேன். தலைமையாசிரியை சான்ட்ரா மிஸ் வாசலிலேயே நின்றிருந்தார்.

"டோரதி, இன்னும் ஒரே ஒரு நாள். அதுக்கப்புறம் நீங்க லேட்டா வரவேண்டியதே இருக்காது."

"தண்ணி லாரி மிஸ்..."

"வேற ஆயா கிடைப்பாங்க. அவங்க வீட்ல போர்வெல் இருக்கும்."

ராத்திரி விக்டரிடம் சொல்லி அழுதேன். "செங்கல்ல திருப்பிக் கேட்டுப் பாரேன்" என்றார் அவர். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. ஆனால் வேறு யோசனையும் இல்லை. ஜோதிலட்சுமியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை அடையாற்றுக்குப் போனேன். இலக்குக்காக வாரியம் அன்றும் திறந்திருந்தது.

வாரியத்தின் தாழ்வாரத்தில் நல்ல கூட்டம். ஆள் கூட்டம் இல்லை. சுவரோரமாக எங்கள் சந்துப் பொருள்கள் பறிமுதல் செய்த வரிசையிலேயே கிடந்தன. முதலில் என் அரைச் செங்கல், அடுத்து ஜோதியின் செருப்பு, பிறகு உடைந்த வாளி, அம்மிக் குழவி. அத்தோடு முடியவில்லை. அவற்றுக்குப் பின்னால் ஹெல்மெட், தண்ணீர் பாட்டில், ஃபைல் கட்டு, தோல் பை என்று வாசல் வரை நீண்டிருந்தது. வேறு வேறு காரியமாக வாரியத்துக்கு வந்தவர்கள் செங்கல் வரிசையைப் பார்த்ததும் இதுதான் கியூ என்று தங்கள் பொருளைப் பின்னால் வைத்துவிட்டு எதிர் டீக்கடைக்குப் போயிருந்தார்கள்.

ஷஃபியுல்லா பாய் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "முதல் செங்கல் யாருது?"

"என்னுது பாய்."

"நீங்கதாம்மா ஃபர்ஸ்ட். உள்ள வந்து உக்காருங்க. சார் இருக்காரு."

உள்ளே போனோம். மேலே காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலியின் முதுகில் டர்க்கி டவல். மேஜை மேல் நெடுக்காக ஒரு கறுப்பு மூக்குக்கண்ணாடிக் கூடு. சாரைக் காணோம்.

"சார் எங்க பாய்?"

"இருக்காரும்மா. கூடு இருக்கு பாருங்க. கூடு இருந்தா சார் ஆபீஸ்ல இருக்காருன்னு அர்த்தம்."

நாங்கள் கூட்டைப் பார்த்தபடி கை கட்டி உட்கார்ந்திருந்தோம். நேரம் போனது. ஜோதி என் இடுப்பில் இடித்தாள்.

"அக்கா, இன்னாக்கா இது! நம்ம செங்கல்லு இங்க வந்து சார் ஆயிக்கினு கீது!"

"வாய மூடு ஜோதி. காதுல விழப்போகுது."

"யார் காதுல? கூட்டுக்கா?"

வெகுநேரம் கழித்து மாணிக்கவாசகம் வந்தார். அவர்தான் உரிமை ஆய்வு அலுவலர். கூட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். செங்கல் கண்டுபிடிப்பு அல்ல. அந்த இடத்தில் நீங்கள் இல்லாததுதான் கண்டுபிடிப்பு."

"நான் இல்லாததை நான்தானே சார் முதல்ல கண்டுபிடிச்சேன்?"

"ஆனால் பதிவு செய்யவில்லை. பதிவு செய்யாமல் எத்தனை பேர் எங்கெங்கோ இல்லாமல் இருக்கிறார்கள். அதையெல்லாம் வாரியம் கணக்கில் எடுக்க முடியாது."

"அப்ப பஸ்ல ஜன்னல் வழியா கைக்குட்டை போட்டு சீட் புடிக்கிறது?" என்றாள் ஜோதி.

"நெய்த துணி. வரும்."

"கல்யாணப் பந்தியில பக்கத்து சேர்ல ஹேண்ட்பேக் வெக்கிறது?"

"தோலா, ரெக்சினா?"

"ரெக்சினுதான்."

"கலவைப் பொருள். அதுவும் வரும்."

நான் யோசித்துப் பார்த்தேன். "ஈஸ்டர் பூசைக்கு பெஞ்சில ஜெபப் புஸ்தகம் வெச்சு இடம் புடிப்போம் சார்."

மாணிக்கவாசகம் நிமிர்ந்தார். காகிதக் கட்டைப் புரட்டினார். "காகிதம் விடுபட்டிருக்கிறது. திருத்தத்தில் சேர்த்துவிடலாம். மிக்க நன்றி அம்மா."

நான் வாயைக் கொடுத்து ஊருக்கே ஈஸ்டரைக் கெடுத்தேன். பங்குச் சாமியார் முகம் கண் முன்னால் வந்து போனது.

ஜோதி மேஜையைப் பார்த்தபடி இருந்தாள். "சார், அப்ப இது?"

"எது?"

"இந்தக் கூடு. காத்தாலேர்ந்து நீங்கன்னு நெனச்சிக்கினு இத்தத்தான் பாத்துக்கினு குந்தியிருந்தோம்."

"இது அரசுப் பணி."

"இன்னா பொருளு சார் இது?"

அவர் கூட்டை விரலால் தட்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக்காக இருக்கலாம்."

"ஃபைபர் சார்" என்றார் கதவருகிலிருந்த ஷஃபியுல்லா பாய்.

"ரொம்ப நாளா வெக்கிறீங்களா சார்?" என்று நான் பயந்து பயந்து கேட்டேன்.

அவர் முகத்தில் ஒரு பெருமை படர்ந்தது. "பணியில் சேர்ந்த நாளிலிருந்து. அப்போது கைக்குட்டைதான். பதவி உயர்வு வந்த பிறகு கூடு." சொல்லி முடித்ததும் கூட்டைப் பார்த்தார். தாழ்வாரத்தில் கிடந்த என் செங்கல்லைப் பார்த்தார். மறுபடி கூட்டைப் பார்த்தார்.

"இது முன்பயன்பாடு குறித்த மிக முக்கியமான வினாவை எழுப்புகிறது" என்றார் கடைசியில். "விசாரணை வைக்க வேண்டும். வியாழக்கிழமை காலை பத்து மணி. நீங்கள் நேரில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆட்சேபம் தள்ளுபடியாகிவிடும்."

"என் செங்கல்லு சார்?"

"அது வரிசையில் முதலில் இருக்கிறது. எடுத்தால் பின்னால் இருப்பவர்கள் குழம்பிவிடுவார்கள்."

வியாழக்கிழமைக்கு முன்னால் இரண்டு நாள் லாரி வரவில்லை. வீட்டில் ஒரு குடம்தான் மிச்சம். வியாழக்கிழமை ஒரு நாள் லீவு கேட்டேன். "லீவுன்னா மொத்தமா எடுத்துக்கோங்க டோரதி" என்றார் சான்ட்ரா மிஸ். ஆகவே எட்டு மணிக்கு முக்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளை வாங்கினேன். ஒன்பது மணிக்கு மேல் மனசு கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுப் பையை முக்காலியில் வைத்துவிட்டு, பாத்ரூம் போகிறவள் போலப் பின் கேட் வழியாக வெளியே வந்து அடையாற்றுக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஜெபமாலைதான்.

விசாரணை அறையில் மூன்று நாற்காலிகள். நடு நாற்காலிக்கு எதிரே மேஜையில் கண்ணாடிக் கூடு. அஸ்வத்தின் நாற்காலியில் அவனுடைய லேப்டாப் பை.

"தம்பிக்குக் கிளாஸ் இருக்காம். வெச்சுட்டுப் போயிருக்கு" என்றார் ஷஃபியுல்லா பாய்.

நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்தரை ஆயிற்று. கூடும் பையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது போன் அடித்தது.

"அக்கா! லாரி சாந்தோம் சிக்னலாண்ட ஜாம்ல மாட்டிக்கினு கீதாம்! ஓடியா!"

"விசாரணை ஜோதி..."

"விசாரணையக் குடிப்பியா?"

பள்ளியில் நான் இல்லை என்று தெரிந்தால் வேலை போகும். இங்கே இல்லையென்றால் செங்கல் போகும். அங்கே இல்லையென்றால் தண்ணீர் போகும். கர்த்தர் எனக்குக் கொடுத்தது ஓர் உடம்பு. அதை வைத்தே ஆக வேண்டிய இடம் தொட்டியடிதான், ஏனென்றால் அங்கே மட்டும்தான் சட்டம் அமலில் இருந்தது. கையிலிருந்த குடையை நாற்காலியில் சாய்த்து வைத்தேன். ஆட்டோவைப் பிடித்தேன். தண்ணீர் கிடைத்தது.

மதியம் மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கப் பள்ளிக்குத் திரும்பினால், சான்ட்ரா மிஸ் வாசலில் நின்றிருந்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

"டோரதி" என்றார் சிரித்த முகமாக. "இன்னைக்கு நீங்க ரொம்ப நல்லா வேலை செஞ்சீங்க. ஒரு சத்தம் இல்ல, பிள்ளைங்களை அதட்டல் இல்ல, 'லாரி லாரி'ன்னு புலம்பல் இல்ல. தினமும் இப்படியே இருங்க."

முக்காலியைப் பார்த்தேன். பை வைத்தது வைத்தபடி இருந்தது.

தீர்ப்பு அடுத்த வாரம் வந்தது. அஸ்வத்தான் எனக்குப் படித்துக் காட்டினான். 'உரிமையாளர், ஆட்சேபம் தெரிவித்தவர், ஆய்வு அலுவலர் ஆகிய மூவரும் நேரில் முன்னிலையாகி, உணவு இடைவேளை வரை விரிவான வாதங்கள் நடைபெற்றன. ஆட்சேபம் தெரிவித்தவர் தம் நிலையிலிருந்து இறுதிவரை சாயவில்லை.' உண்மைதான். நல்ல குடை. நான் சாய்த்து வைத்ததற்கு மேல் அது சாய்ந்திருக்காது.

முடிவு இதுதான்: ஒரு பொருளை வைத்துவிட்டு இல்லாமல் இருக்கும் முறையை அஸ்வத் கண்டுபிடிக்கவில்லை. டோரதியும் கண்டுபிடிக்கவில்லை. அது நெடுங்காலமாக வாரியத்தில் தங்குதடையின்றி வழக்கத்தில் இருந்துவருவது தக்க சான்றுகளுடன் நிறுவப்பட்டுள்ளது. ஆகவே முழு உரிமையும் வாரியத்துக்கே. அரசுப் பணியில் உள்ளோர் தாராளமாகப் பயன்படுத்தலாம். பொதுமக்கள் நேரில் நிற்க வேண்டும்.

"உனக்கு வேலை போயிடுமாப்பா?" என்று கேட்டேன். என் நஷ்டத்தைவிட அவன் முகம்தான் கவலையாக இருந்தது.

"இல்ல ஆன்ட்டி. ரத்தானாலும் காலேஜ் லிஸ்ட்ல ஒண்ணுன்னுதான் கணக்கு. கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க. இப்ப குடையில ஒரு ஐடியா இருக்கு."

என் செங்கல் திரும்பி வரவில்லை. குடையும் வரவில்லை, சான்றுப் பொருளாக இன்னும் அங்கே வாதாடிக்கொண்டிருக்கிறது. நான் தினமும் தொட்டியடியில் நேரில் நிற்கிறேன். ஆனாலும் பள்ளிக்குப் பிந்துவதில்லை. விடியுமுன் விக்டர் வேனில் என் பையை எடுத்துக்கொண்டு போய் முக்காலியில் வைத்துவிடுகிறார். நான் லாரியைப் பார்த்துவிட்டு ஒன்பதோ பத்தோ அடித்ததும் போய்ச் சேர்கிறேன். தாய்மார்கள் பையைப் பார்த்து, "ஆயா இருக்காங்க" என்று பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் பைக்கு டாட்டா காட்டிவிட்டு உள்ளே போகின்றன.

பள்ளி ஆண்டு விழாவில் நேரம் தவறாமைக்கான பரிசு எனக்கென்று அறிவித்தார் சான்ட்ரா மிஸ். இப்போதெல்லாம் காப்புரிமைக்காரர் ஒருவர் மேடையில் இல்லாமல் விழா நடத்தினால் மரியாதை இல்லை. ஆகவே மாணிக்கவாசகம்தான் தலைமை விருந்தினர். மெரூன் சேலையை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கென்று சரியாக விழா நேரத்தில் லாரி வந்துவிட்டது.

விக்டர் வந்து எல்லாம் சொன்னார். தலைமை விருந்தினருக்கும் வேறு அவசர வேலையாம். ஷஃபியுல்லா பாய் கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்து மேடை நடுவில் வைத்தாராம். அதற்கு மாலை போட்டார்களாம். என் பேரைக் கூப்பிட்டதும் விக்டர் முக்காலியிலிருந்த பையைக் கொண்டுபோய்க் கூட்டுக்கு எதிரே வைத்தாராம். ஒரே கைதட்டலாம். போட்டோ நன்றாக வந்திருக்கிறது. கோப்பைக்கு இந்தப் பக்கம் பை, அந்தப் பக்கம் கூடு. பையின் பக்கவாட்டுச் சாயல் என்னைப் போலவே இருக்கிறது என்கிறார் சான்ட்ரா மிஸ்.

எனக்கு இப்போது ஒரே கவலைதான். பையின் இடது கைப்பிடி நைந்து நூல் நூலாகத் தொங்குகிறது. இன்றோ நாளையோ அறுந்துவிடும். அது அறுந்துவிட்டால், அப்புறம் என்னை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?